வெட்டி மிஞ்சிய துணி



சட்டை ஒன்றைத் தைத்து முடித்ததும் நம் கண் அந்தச் சட்டையின் மீதே செல்கிறது. தையல் இயந்திரத்தின் காலடியிற் கிடக்கும் துண்டுகளை எவரும் பார்ப்பதில்லை. கையின் வளைவை வெட்டியபோது விழுந்த பிறைத்துண்டு, கழுத்தை வெட்டியபோது விழுந்த வட்டம், ஓரத்திற் கிழித்தெடுத்த நாடா போன்ற கீற்று, இவை யாவும் மாலையிலே கூட்டி அள்ளப்பட்டு வளவின் மூலையில் எரிக்கப்படுகின்றன. கடையிலே அரைமணி நேரம் விலை பேசி வாங்கிய துணியின் ஒரு பகுதியே அங்கு எரிகிறது என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அதனைச் செய்தவள் நானே. ஒன்றையும் எறியக்கூடாது என்று எண்ணி, பல ஆண்டுகளாக மிஞ்சிய துணிகளை எல்லாம் மூன்று சீனிச் சாக்குகளிலே திணித்து வைத்தேன். பட்டும் பருத்தியும் நைலோனும் ஒன்றாகவே கிடந்தன. ஒரு மாரிகாலத்தின் பின் அவிழ்த்துப் பார்த்தபோது, அடிச்சாக்கு முழுவதும் கறையான் அரித்திருந்தது; மற்றவை பூஞ்சணம் பிடித்து மணத்தன. எரித்தவருக்கும் சேர்த்து வைத்த எனக்கும் முடிவில் வேறுபாடு இல்லாமற் போயிற்று. அன்றுதொட்டு நான் கைக்கொள்ளும் முறையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல். ஒட்டுத்துணி என்றாலே வறுமையின் அடையாளம் என்று முகஞ்சுளிப்பவர் நம்மிடையே பலர். இந்நாட்டில் வாழும் நாம் அவ்வாறு எண்ணுவதற்கு நியாயமில்லை. நாள்தோறும் வீதியிற் காணும் பௌத்த பிக்குமாரின் சீவரத்தைச் சற்று உற்று நோக்குங்கள். அது பல துண்டுகளாக வெட்டிப் பின்னர் பொருத்தித் தைக்கப்பட்டது. மகத நாட்டு நெல்வயல்கள் வரப்புகளாற் பிரிக்கப்பட்டிருந்த ஒழுங்கைக் கண்ட புத்தர், சீவரத்தையும் அவ்வாறு அமைக்க முடியுமா என ஆனந்த தேரரைக் கேட்டார் என்றும், தேரர் அவ்வாறே தைத்துக் காட்டினார் என்றும் விநய பிடகம் கூறுகிறது. துண்டாக்கிய துணியின் மீது பிறர் ஆசை வைக்கமாட்டார் என்பதும் அங்கே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆசையை விட்டவர்களுக்கு உரிய அந்த உடையில், வீட்டுப் பெண்களாகிய நாம் கற்கவேண்டிய தையல் நுட்பமும் இருக்கிறது: துண்டுகள் கண்டபடி ஒட்டப்படவில்லை, வயலைப் போல ஓர் ஒழுங்கிலே நிற்கின்றன.

இனி வேலைக்கு வருவோம். துணிகளைத் தரம் பிரிப்பதை ஒருபோதும் நாளைக்கு என்று விடாதீர்கள். வெட்டிய அன்றே, இயந்திரத்தை மூடுமுன் செய்துவிட வேண்டும். முதலிற் பார்க்கவேண்டியது நிறமன்று, பருமனுமன்று, நூலின் இனம். முன்னாளிலே வீட்டிற் தைத்து மிஞ்சியது பெரும்பாலும் பருத்தியாகவே இருந்தது. சீத்தை, வாயில், பொப்ளின் என்று பெயர்தான் வேறு. 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பொலியெஸ்ரர் நூல் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் நிலைமை படிப்படியாக மாறியது. இன்று கடையிற் பருத்தி என்று விற்பதிலும் கலப்பு இருக்கலாம். ஐயமானால் ஒரு விரல் அகலத் துண்டைக் குறட்டினாற் பிடித்து, நீர் நிறைந்த கோப்பைக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசியைப் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, மயிர் கருகியதுபோல மணக்கும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். சிறுபிள்ளைகளை அருகில் விடாதீர்கள். உருகிய துளி தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

இந்தப் பிரிவினை வெறும் ஒழுங்குக்காக அன்று. சூடான சட்டியை இறக்கும் பிடிதுணிக்குப் பருத்தியே வேண்டும். மற்றது கையிலே உருகும். விளக்குத் திரிக்கும் அப்படியே. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி இருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அது நனையுமளவு மாத்திரம் மண்ணெண்ணெய் வார்த்து, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளே நூல்திரியைச் செருகி, அந்தச் சிறு சுடரிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் பொன்னைப் போல இருந்த காலத்தில், பழைய பருத்தி வேட்டியின் கிழிசலுக்கும் மதிப்பு இருந்தது.

பருத்தித் துண்டுகளிலே, உள்ளங்கை அகலத்துக்கு மேற்பட்டவற்றைப் போர்வைக்கு ஒதுக்குங்கள். பலர் இதில் இறங்கிப் பாதியிலே கைவிடுவதற்குக் காரணம் கணக்குத்தான். தைத்து முடிந்தபின் 6 அங்குலச் சதுரம் வேண்டுமாயின், நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, 6½ அங்குலமாக வெட்டவேண்டும். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8 என 48 சதுரங்களைப் பொருத்தினால், 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் உள்ள பிள்ளைப் போர்வை கிடைக்கும். தையலை மறந்து 6 அங்குலமாகவே வெட்டினீர்களோ, 33க்கு 44 ஆகச் சுருங்கிவிடும். எனது முதற் போர்வை அவ்வாறு குறுகிப்போய், இன்றும் மேசைவிரிப்பாகவே இருக்கிறது.

வெட்டுமுன் எல்லாத் துண்டுகளையும் நீரில் அலசி உலர்த்துங்கள். புதுத்துணி சுருங்கும், பழந்துணி சுருங்காது. இரண்டையும் அலசாமல் இணைத்தால் முதற் சலவையிலேயே போர்வை மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழும். கடுஞ்சிவப்பையும் நீலத்தையும் ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் மீண்டும் அலசுங்கள். பின்னும் இறங்கினால் அந்தத் துண்டைக் கால்மிதிக்கு விட்டுவிடுவதே நல்லது. சதுரத்தின் ஓரங்கள் பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் நேராக இருக்கவேண்டும். மூலைவாட்டில் வெட்டிய ஓரம் தைக்கும்போதே இழுபட்டு நெளியும். ஆனால் அந்தக் குற்றமே மற்றோரிடத்திற் குணமாகும்: மூலைவாட்டில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு வெட்டிய பட்டிகள், கழுத்து வளைவுக்கும் கைவளைவுக்கும் கரைகட்டுவதற்கு மிகச் சிறந்தவை. அவற்றைக் கடையிலே காசு கொடுத்து வாங்குகிறோம்!

போர்வையைப் பற்றிப் பேசும்போது, தொலைதேசத்துப் பெண்கள் சிலரின் நினைவு வருகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்றின் வளைவொன்றில் அமைந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரிலே, பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலையுடைகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1942ஆம் ஆண்டில், கணவனை இழந்த ஒரு தாய், அவர் தோட்டவேலைக்கு உடுத்திய கால்சட்டைகளையும் மேற்சட்டைகளையும் எடுத்து ஒரு போர்வையாக்கினார். அவரை நினைத்துக்கொண்டு அதன்கீழ் உறங்குவதற்காகவே அதனைத் தைத்தார் என்று அவருடைய மகள் பின்னாளிற் கூறினார். வெயிலில் வெளிறிய முழங்காற் பகுதியும், பையைப் பிரித்தபின் தெரிந்த கடுநிறமும் அவ்வாறே அதில் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டில் அவ்வூர்ப் போர்வைகள் நியூயோர்க் நகரத்துக் கலைக்கூடத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அவற்றின் படங்கள் தபால்முத்திரைகளாயின.

நம் வீடுகளிலும் இறந்தவரின் சேலை பெட்டியடியிலே கிடக்கிறது. எடுத்து உடுக்கவும் மனம் வராது, எறியவும் மனம் வராது. பேரப்பிள்ளைக்கு ஒரு போர்வையாக்கலாம் என்பது என் எண்ணம். ஆயினும் கத்தரிக்கோலை எடுக்குமுன் சகோதரரையும் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் துணியாகத் தெரிவது மற்றொருவருக்கு அம்மாவாக இருக்கலாம்.

நீண்ட கீற்றுகளை இரண்டு அங்குல அகலத்துக்குக் கிழித்து, முனையோடு முனை தைத்து, மூன்று புரியாகத் தலைமயிர் பின்னுவதுபோலப் பின்னுங்கள். பின்னலைத் தரையிற் சுருட்டி, சுற்றுக்குச் சுற்று தடித்த நூலாற் தைத்தால் உறுதியான கால்மிதி வரும். சுருட்டும்போது இழுத்துப் பிடித்தால் நடுப்பகுதி தொப்பியைப்போல எழுந்துவிடும், தளர்த்தியே சுற்றவேண்டும். இதற்குக் கலப்புத் துணியும் உதவும், சாயம் போகும் துணியும் உதவும்.

கடைசியாக, விரல் நகமளவு நறுக்குகள். பொலியெஸ்ரர் நறுக்குகளை எரித்தால் நச்சுப்புகை. புதைத்தாலும் இலகுவில் மக்கா. ஆகவே அவற்றை மேலும் பொடியாக வெட்டி, ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தைக்குள்ளும், காற்றிலே அடிக்கும் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் பைக்குள்ளும் அடையுங்கள். தலையணைக்கு மாத்திரம் வேண்டாம். இலவம் பஞ்சிலே தலைவைத்துப் பழகியவர்கள், துணி நறுக்கு அடைத்த தலையணையில் ஓர் இரவு படுத்தால், மறுநாட் காலையிற் கழுத்தைத் திருப்பமாட்டாமல் உங்களைத் தேடி வருவார்கள்.