பெயரும் எழுத்தும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் குழந்தைக்குப் பெயர் சூட்டுதல். மொழியியல் பொழிவுக்கு இது மிக எளிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும், இலக்கணம் கல்லாதவரும் ஒரு சொல்லைப் பற்றிப் பலரோடு கலந்து, ஆய்ந்து, முடிவெடுக்கும் வேளை வாழ்வில் உண்டெனில் அது இதுவே. சிங்கப்பூரில் பிறந்த குழந்தையின் பிறப்பை 42 நாளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். அந்த ஆறு வாரத்தில் தேர்ந்த சொல் அக்குழந்தையின் வாழ்நாள் முழுதும் ஒலிக்கிறது.

இவ்வட்டாரத்தில் தமிழ்ப் பெயர் ஒலிக்கத் தொடங்கிய காலம் மிகப் பழையது. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. பொன்னின் தரம் பார்க்கும் அக்கல், பெரும்பத்தன் என்பானுக்கு உரியது என்பதை அதன் எழுத்துகள் அறிவிக்கின்றன. அதன் காலம் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்களைக் காண்கிறோம். எகிப்தின் செங்கடல் துறையான குசைர் அல்-கதீமில் கணன், சாதன் என்னும் பெயர்கள் கிடைத்தன. கடல் கடந்து சென்றவனின் ஊரும் தொழிலும் மறைந்துபோன பின்னும் பெயர் எஞ்சியது. எஞ்சியதற்குக் காரணம், அது எழுதப்பட்டிருந்தது. அதுவும் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. இக்கருத்தை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கே மீள்வோம்.

மகன் மகவையும் மகள் மகவையும் பேரன், பேத்தி என்கிறோம். பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மருவிய வடிவங்கள் இவை. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவோர் என்பது பொருள். உறவுமுறைச் சொல்லிலேயே பெயர்சூட்டு மரபைப் பொதிந்து வைத்த மொழி நம்முடையது. இன்றோ அந்தப் பாட்டன் பெயரைச் சொல்லப் பேரன் கூசுகிறான். பிச்சை, குப்பன், குப்பம்மாள் போன்ற பெயர்கள் நகைப்புக்கு உரியனவாகிவிட்டன. முன் பிறந்த மகவுகளைப் பறிகொடுத்த தாய், இதையேனும் கூற்றுவன் பொருட்படுத்தாது விடட்டும் என்று எண்ணி இட்ட பெயர்கள் அவை. பச்சிளங் குழந்தைகள் மிகுதியாக மாண்ட காலத்தின் துயரம் அவற்றுள் உறைந்துள்ளது. அவற்றை மீண்டும் சூட்டுக என்று நாம் கூறவில்லை. அறிந்தபின் எவரும் நகையார் என்றே கூறுகிறோம். மற்றொரு புறம், பெண் மகவு போதும் என்று சலித்துப் 'போதும்பொண்ணு' என இட்ட வழக்கமும் நம்மிடை இருந்தது. அது மறைவதற்காக வருந்த வேண்டுவதில்லை. மரபு என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது.

இனி, இற்றைநாள் போக்கைக் காண்போம். ஈரசை அல்லது மூவசை. தொடக்கத்தில் ஷ, ஹ, ர, ல. இறுதியில் ஷ், த், க். பெரும்பாலான புதுப்பெயர்கள் இவ்வச்சில் வார்க்கப்படுகின்றன. இதற்கு ஒரு காரணம் நட்சத்திர எழுத்து. இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் பாதத்திற்கு ஒன்றாக 108 அசைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆயிலியத்திற்கு டி, டு, டே, டோ. பரணிக்கு லி, லு, லே, லோ. தொல்காப்பியம் வகுத்த மொழிமுதல் மரபின்படி ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. ஆகவே ஆயிலியத்தில் பிறந்த குழந்தைக்குத் தமிழ்ச் சொல் தேடும் பெற்றோர் எத்தனை நூல் புரட்டினும் காணார். குறை தமிழில் இல்லை. அவ்வட்டவணை தமிழின் ஒலியமைப்பைக் கருதி வகுக்கப்பட்டதன்று. நம்பிக்கை அவரவர் உரிமை. அதில் நாம் தலையிடோம். நட்சத்திரப் பெயரைச் சடங்கிற்கு வைத்துக்கொண்டு, அழைக்கும் பெயரைத் தமிழில் அமைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பல உண்டு. அவ்வழி திறந்தே இருக்கிறது.

சொல்லின் இறுதிக்கும் மரபு உண்டு. வல்லின மெய் தமிழ்ச் சொல்லுக்கு ஈறாகாது. எனவே 'ரித்விக்' என்று பெற்றோர் இட்ட பெயர், பாட்டியின் நாவில் 'ரித்விக்கு' என்றாகிறது. பாட்டி பிழை செய்யவில்லை. இலக்கணம் அவர் நாவில் இயங்குகிறது. ஆனால் 'கு' நான்காம் வேற்றுமை உருபும் ஆதலால், 'ரித்விக்கு வந்தான்', 'ரித்விக்குக்குக் கொடு' என்று இரட்டிக்க நேர்கிறது. தொல்காப்பியர் விளிமரபு என ஓர் இயலையே வகுத்தார். பெயர் அழைப்பதற்கே உரியது. ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறும் முதல் சோதனை இது: தேர்ந்த பெயரை உரக்க விளித்துப் பாருங்கள், ஐ, கு, உடைய என்பவற்றைச் சேர்த்துப் பாருங்கள். இடறாது நடந்தால் அப்பெயர் வீட்டில் தமிழ் பேச இடந்தரும்.

அயற்பெயர் ஆகாது என்பது நம் கருத்தன்று. தமிழ் எக்காலத்தும் அயற்பெயரை ஏற்றுத் தன் வடிவம் தந்துள்ளது. இராமன், உலோகநாதன் என முன்னே உயிர் சேர்த்தது. கிறித்தவத் தமிழர் யோசேப்பைச் சூசை என்றும், யோவானை அருளப்பன் என்றும் தமதாக்கினர். ஏற்றல் வேறு, ஏற்றதைத் தமிழில் எழுத இயலாமல் நிற்றல் வேறு.

இங்குதான் நம் முதன்மைக் கவலை எழுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் குழந்தையின் பெயர் அன்றாட வழக்கில் உரோமன் எழுத்திலேயே வாழ்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் 'எல்' ஒன்றே. ந, ண, ன மூன்றுக்கும் 'என்' ஒன்றே. நெடிலும் குறிலும் மயங்கும். நிலாவும் நீலாவும் ஒன்றாகும்; மலாய் அறிந்தவர்க்கு அது நீல நிறத்தைக் குறிக்கும் சொல்லாகவே தோன்றும். எண்கணிதம் பார்ப்போர் 'ஏ' ஒன்றைக் கூட்டியும் 'எச்' ஒன்றைக் குறைத்தும் தரும் எழுத்துக்கூட்டு இம்மயக்கத்தை மிகுவிக்கிறது. விளைவு யாது? தமிழ் வகுப்பில் தன் பெயரை எழுதச் சொன்னால், எந்த லகரம் என்று வினவும் மாணவன். வீட்டாரும் அதனை ஒருநாளும் முடிவு செய்ததில்லை. கற்றறியாக் காலத்துப் பெரும்பத்தன் அல்லன் இவன். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் பயில்பவன்.

ஆகவே, பதிவுக்குச் செல்லுமுன் பெயரைத் தமிழில் எழுதி, அதன்பின் உரோமன் வடிவைத் தீர்மானியுங்கள். வரிசை மாறினால் பெயரே மாறிவிடும்.

பெயருக்கு ஊற்று எங்கே என்று இளம்பெற்றோர் வினவலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மட்டும் தொண்ணூற்றொன்பது மலர்கள் உள்ளன. சுருங்கிய பெயரே வேண்டுமெனில் யாழ், மகிழ், நிலா, மாறன், ஆதன் உள்ளன. சீன, மலாய்த் தோழர்கள் நாவிலும் சிதையாமல் நிற்க வேண்டுமெனில் ஆதிரை, இனியன், அமுதன், குமரன் உள்ளன. ஆக்கமும் நம் கையில் இருக்கிறது: செம்மை, நன்மை, இளமை போன்ற பண்புகளோடு ஒரு பெயர்ச்சொல்லைப் புணர்த்தினால் செங்கதிர், நன்மாறன், இளவேனில் எனப் புதியன பிறக்கும். பாட்டன் பெயர் பழையதாகத் தோன்றின் அதன் ஒரு கூற்றையேனும் எடுத்தாளலாம். முத்துக்கருப்பனின் பெயர்த்தி முத்தெழில் ஆகலாம். தொடர்ச்சிக்கு அவ்வளவே போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டின் முதல் வகுப்பில் வருகைப் பதிவேட்டின் உரோமன் வடிவைப் படித்து ஊகிக்க வேண்டா. ஒவ்வொரு மாணவரும் தம் பெயரைத் தமிழில் எழுதி, அதை இட்டவர் யார், ஏன் இட்டார் என வீட்டில் கேட்டு வரச் செய்யுங்கள். பொருள் இல்லாத பெயராயின் அம்மாணவர் நாணும்படி எதுவும் கூறற்க. நன்னூலார் காரணப்பெயரோடு இடுகுறிப்பெயரையும் ஒப்பவே வைத்தார். பொருள் இல்லாத பெயருக்கும் அதை இட்டவரின் அன்பு காரணமாகும்.

மாணவர்களே, உங்கள் பெயரை நீங்கள் தேர்ந்தீர் அல்லீர். அதனைத் தமிழில் பிழையற எழுதுவது மட்டும் முழுதும் உங்கள் கையில் உள்ளது. இன்று வீடு சென்றதும் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். கேட்கக்கூடிய பாட்டி உள்ள காலம் இது.