கணிப்பொறிப் பராமரிப்பும் நமது கடமையும்



அணை கட்ட நிதி ஒதுக்குகிறோம். மதகைப் பழுதுபார்க்க மறந்துவிடுகிறோம். கணிப்பொறித் துறையிலும் இதே நிலைதான்.

2017 மே 12ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் பரவி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளை முடக்கியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 நோயாளிகளுக்குக் குறிக்கப்பட்டிருந்த மருத்துவ நேரங்கள் ரத்தாயின என்று மதிப்பிடப்பட்டது. ஆனால், அத்தீநிரல் நுழைந்த விண்டோஸ் குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. தனிக் கட்டணம் எதுவுமில்லை; எனினும் பலர் அதனை நிறுவவில்லை.

இதில் ஒரு பொருளாதார உண்மை அடங்கியுள்ளது. ஒருவரது அலட்சியத்தின் செலவை அவர் மட்டும் ஏற்பதில்லை. வலையமைப்பில் இணைந்த அனைவரும் ஏற்க நேரிடுகிறது. எனவே இது தனிமனித விருப்பத்திற்கு விடத்தக்கதன்று.

உலாவிகளின் செருகுநிரல்களுக்கும் இது பொருந்தும். அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31ஆம் நாள் முடித்துக்கொண்டது. திருத்தம் வராத மென்பொருளை அகற்றிவிடுவதே முறை.

ஒவ்வோர் அலுவலகமும் தன் மென்பொருள்களைப் பட்டியலிட்டு, திருத்தங்களை நிறுவும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். 2004 முதல் இயங்கிவரும் ‘செர்ட்-இன்’ அமைப்பின் எச்சரிக்கைகள் கோப்பில் உறங்கக்கூடாது. பராமரிப்பும் வளர்ச்சிப் பணியே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.