முப்பத்தொரு விசைகள்

1916-ஆம் ஆண்டில் சேலம் நகரில் ஒரு சிறு கழகம் தோன்றியது. அந்நாளில் அங்கே வழக்கறிஞராக விளங்கிய ராஜகோபாலாச்சாரியார், தம் நண்பர்களோடு கூடி அதனை நிறுவினார். வேதியியலையும் இயற்பியலையும் கணிதத்தையும் வானநூலையும் தமிழிற் சொல்ல முடியுமா என்ற ஐயம் படித்தவர்களிடையே பரவியிருந்த காலம் அது. முடியுமா முடியாதா என்று வாதாடிக் கொண்டிராமல், அக்கழகத்தார் உட்கார்ந்து சொற்களை ஆக்கத் தொடங்கினார்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கேள்வி நம்முன் நிற்கிறது. ஆங்கிலத்துக்கென்றே அமைந்த கணிப்பொறியில், ஆங்கில எழுத்துகள் பொறித்த விசைகளைக் கொண்டு, தமிழைத் தமிழாகவே எழுத முடியுமா? முடியும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆயினும் நம்மிற் பலர் கைப்பேசியில் தாய்க்குக் கடிதம் எழுதும்போதுகூட ஆங்கில எழுத்தால் தமிழை எழுதுகிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் நான் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். இராசிபுரத்துக்கு அருகே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில் பாட்டிமார் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பல ஆண்டுகள் அலைந்து தொகுத்தவர். 2000-ஆம் ஆண்டையொட்டி அப்பாடல்களை ஒரு கணிப்பொறி நிலையத்திற் கொடுத்து அச்சிடச் செய்து, ஐந்து குறுந்தகடுகளில் பதிந்து வைத்துக்கொண்டார். கையெழுத்துப் படிகள் ஒரு மழைக்காலத்திற் கரையானுக்கு இரையாயின. தகடுகள்தாம் இருக்கின்றனவே என்று அவர் ஆறுதல் கொண்டார். பல ஆண்டுகள் கழித்துப் பேரன் வாங்கிய புதிய கணிப்பொறியில் அவற்றைத் திறந்தபோது, திரையில் ஒரு தமிழெழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் வரிசை வரிசையாக நின்றன. பாடிய பாட்டிமாரோ ஒருவரும் உயிரோடு இல்லை.

இது எதனால் நேர்ந்தது? கணிப்பொறிக்கு எழுத்து என்பதே தெரியாது. எண் ஒன்றே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணையே அது நினைவில் வைக்கிறது. பழைய முறையில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றிற் பாதி ஆங்கிலத்துக்கு என்று உறுதியாகிவிட்டது. தமிழ் எழுத்துருக்களை முதன்முதல் ஆக்கியவர்கள், கிடைத்த இடங்களில் தத்தமக்குத் தோன்றியவாறு தமிழ் வடிவங்களைப் பொருத்தினார்கள். பலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழெழுத்தின் உருவத்தை வரைந்தார்கள்.

நம் ஊர்க் கூத்து மேடையை நினைத்துப் பாருங்கள். ஒப்பனை இருக்கும் வரையில் மேடையில் நிற்பவன் அருச்சுனன்; ஒப்பனையைக் கலைத்தால் அவன் பக்கத்து வீட்டுக்காரன். அக்காலத்துக் கணிப்பொறித் தமிழும் அத்தகையதே. அந்த எழுத்துரு இருக்கும் வரையில் அது தமிழ். எழுத்துரு இல்லாத பொறியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளிப்பட்டுவிடும். நிறுவனத்துக்கு ஒரு முறை, பத்திரிகைக்கு ஒரு முறை என்று பல முறைகள் பெருகியதால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியவில்லை. ஒரே மொழி தன் வீட்டுக்குள்ளேயே மொழிபெயர்ப்பாளரைத் தேடி நின்றது.

இந்நிலையை மாற்ற உழைத்தவர்கள் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் ஆகியோர் அவர்களுட் சிலர். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. உலகமொழிகள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி, அதாவது யூனிக்கோடு, மெல்ல மெல்ல நிலைபெற்றது. தமிழ்நாட்டரசும் 2010-இல் அதனைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டது.

ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. அங்கே 'க' என்பதன் எண் 2965. 'ம' என்பதன் எண் 2990. புள்ளியின் எண் 3021. சேலத்தில் எழுதினாலும் சிட்னியில் எழுதினாலும் இவ்வெண்கள் மாறுவதில்லை. எழுத்துரு இப்போது வெறும் ஆடை. ஆடை மாறினாலும் ஆள் மாறுவதில்லை.

இனி விசைப்பலகைக்கு வருவோம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்துகள். ஆங்கில விசைப்பலகையில் எழுத்து விசைகள் 26. பெரிய குடும்பத்தைச் சிறிய வீட்டில் எப்படிக் குடியமர்த்துவது?

இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர், யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886-இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று போற்றப்படுபவர் அவரே. ஓர் எழுத்தை அடித்தால் தாள் ஓரிடம் நகர வேண்டும் என்பது தட்டச்சுப் பொறியின் இயல்பு. ஆனால் 'க்' என்று எழுத வேண்டுமானால் புள்ளியும் எழுத்தும் ஓரிடத்திலேயே விழ வேண்டுமே! அதற்காக அமைந்ததுதான் நகராவிசை. புள்ளியை அடித்தால் தாள் அசையாது நிற்கும்; அடுத்து 'க' விசையை அடித்ததும் எழுத்து அப்புள்ளியின் கீழே விழும்; அதன்பின் தாள் நகரும். சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் தட்டச்சு நிலையங்களில் பயின்று அரசுப் பணிக்குச் சென்ற ஒரு தலைமுறையாரின் விரல்கள் இதனை நன்கு அறியும்.

தட்டச்சுப் பொறி எழுத்தின் வடிவத்தைப் பார்த்தது. கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை, புள்ளி ஒரு விசை என்று உருவத்தைத் துண்டு துண்டாக அடுக்கியது. கணிப்பொறிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வடிவத்தை அதுவே வரைந்துகொள்ளும். நாம் ஒலியைச் சொன்னாற் போதும். இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு, 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றதே 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை.

அதன் அமைப்பு வியப்பூட்டும் எளிமை உடையது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்கள் பதினெட்டும் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஆய்தத்துக்கும் புள்ளிக்கும் சேர்த்து ஒரு விசை. ஆக முப்பத்தொரு விசைகள். ஆங்கில எழுத்து விசைகள் இருபத்தாறும், அவற்றின் அருகிலுள்ள குறி விசைகள் ஐந்தும் இதற்குப் போதும். 'ஷ', 'ஸ' போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே மாற்று விசையை அழுத்த வேண்டும்.

'சேலம்' என்று எழுதிப் பார்ப்போம். ச, ஏ, ல, ம, புள்ளி: ஐந்து தட்டுகள். 'ச' விசைக்குப் பின் 'ஏ' விசையை அழுத்தியதும் அது கொம்பாக மாறி எழுத்துக்கு முன்னே சென்று நிற்கிறது. நாம் கொம்பைத் தேட வேண்டியதில்லை. மெய்யை அழுத்தினால் அகரம் ஏறிய எழுத்தே வருகிறது. மெய்யை ஒலிக்க அகரம் துணை நிற்கிறது என்ற இலக்கண மரபு இங்கே பொறியின் விதியாகிவிட்டது.

இன்னும் ஒரு நயம் உண்டு. 'நாமக்கல்' என்று எழுத ந, ஆ, ம, க, க, ல, புள்ளி என ஏழு தட்டுகள். 'க' விசையை இருமுறை அழுத்தியதும் முதற் ககரத்தின் தலையில் புள்ளி தானே ஏறிக்கொள்கிறது. ஒரே மெய் இரட்டித்தால் முன்னது ஒற்றாகும் என்பது விதி. இவ்வாறே ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் புள்ளி தானே அமையும். இவை யாவை? நீங்கள் இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த இனவெழுத்துகளே! இதனைக் கற்றவர்கள் தேர்வுக்காகப் படித்தோம் என்று மறந்துவிடுகிறோம். அந்தப் பாடத்தின் மீது ஒரு பொறி இயங்குகிறது.

விதி இடறும் இடமும் உண்டு. 'சங்ககிரி' என்று எழுதும்போது இரண்டு ககரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் புள்ளி வேண்டியதில்லை. அங்கே முதற் ககரத்துக்குப் பின் 'அ' விசையை ஒருமுறை தட்டினால், இது அகரமேறிய எழுத்து என்று பொறி உணர்ந்துகொள்ளும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கொரிய மொழியின் எழுத்தை 15-ஆம் நூற்றாண்டில் சேசோங் என்னும் மன்னர் வகுத்து 1446-இல் நாட்டுக்கு அளித்தார். மெய் 14, உயிர் 10 என இருபத்து நான்கு அடிப்படை எழுத்துகள். ஆனால் அவர்கள் அவற்றை வரிசையாக எழுதுவதில்லை. ஓர் அசைக்குரிய உயிரையும் மெய்யையும் ஒரு கட்டமாகக் கூட்டி எழுதுகிறார்கள். அவ்வாறு அமையக்கூடிய கட்டங்கள் 11,172. இத்தனைக்கும் ஆங்கில எழுத்து விசைகளே அவர்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. அங்கே பொதுவாக வழங்கும் விசைப்பலகையில் மெய்கள் இடக்கைப் பக்கம், உயிர்கள் வலக்கைப் பக்கம், நம்முடையதற்கு நேர்மாறு. அசையின் இறுதியில் நின்ற மெய், அடுத்து ஓர் உயிரைத் தட்டியதும் தானே நகர்ந்து அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிடும். நம் புள்ளி அடுத்த எழுத்தைக் கண்டபின் முன்னெழுத்தின்மேல் ஏறுவதைப்போல. உயிரும் மெய்யும் கூடும் மொழிகள் இரண்டு, ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

இதனை உங்கள் பொறியில் அமைத்துக்கொள்வது அரிதன்று. விண்டோஸ் பொறியாயின், அமைப்புகளுக்குச் சென்று, நேரமும் மொழியும் என்ற பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளுள் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் பொறிகளிலும் அது உள்ளேயே இருக்கிறது. கைப்பேசிக்குச் செல்லினம் போன்ற செயலிகள் உண்டு. பொறியின் பிற பகுதிகள் ஆங்கிலத்திலேயே இருக்கலாம். எழுதும் மொழி மட்டும் மாறும். விண்டோஸ் பொறியில், அப்பெயர் கொண்ட விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாறலாம். விசைகளின் மேல் தமிழெழுத்து இல்லையே என்று தயங்க வேண்டாம். எழுத்துகளின் இடத்தை ஒரு தாளில் வரைந்து முன்னே வைத்துக்கொண்டு நாள்தோறும் அரைமணி நேரம் பழகினால், சில வாரங்களில் அத்தாள் தேவைப்படாது.

ஆங்கில எழுத்தை ஒலிக்கேற்பத் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் முறையும் இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதனை நான் இகழவில்லை. புதிதாகத் தொடங்குவோர் பலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் அம்முறையில் 'மரம்' என்ற சொல்லை எழுதுமுன் மனம் அதனை ஆங்கில எழுத்தாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒலி, ஒளி, ஒழி என்னும் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி எழுத்து இல்லை. ந, ன, ண என்னும் மூன்றுக்கும் இல்லை. இருக்கும் சில எழுத்துகளைச் சிறிதாகவும் பெரிதாகவும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். தட்டுகளும் மிகுதி, 'நாமக்கல்' என்பதற்கு ஒன்பது வேண்டும். நம் வீட்டுக்குள் நுழைவதற்கு ஒவ்வொரு நாளும் அடுத்த வீட்டு வாசல் வழியே சுற்றி வருவானேன்?

இராசிபுரத்து ஆசிரியரிடம் திரும்புவோம். அவருடைய பேரன் ஓர் அச்சகத்திற் கேட்டு, அந்தப் பழைய எழுத்துருவின் பெயரைக் கண்டறிந்தான். பழைய எண்ணை ஒருங்குறி எண்ணாக மாற்றும் செயலி ஒன்றும் கிடைத்தது. நான்கு தகடுகளிலிருந்த பாடல்கள், உறங்கி எழுந்தவை போலத் திரையில் தமிழாக வந்து நின்றன. ஐந்தாவது தகடு கீறலுற்றிருந்தது. அதனை எந்தப் பொறியாலும் படிக்க இயலவில்லை.

அதிலிருந்த பாடல்களுள் தமக்கு நினைவிருப்பவற்றை அம்முதியவர் இப்போது தாமே தட்டி எழுதுகிறார். எழுபதைக் கடந்த பின் தமிழ் 99 பயின்றார். இரண்டு விரல்களால், மெதுவாக, ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. நான் சென்றிருந்த அன்று ஒரு தாலாட்டின் மூன்றாவது அடி நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்தைப் புள்ளியிட்டு விட்டுவிட்டு, அடுத்த அடியைத் தொடங்கினார்.

நண்பர்களே, உங்கள் வீடுகளிலும் பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லா அடிகளும் நினைவிருக்கும் காலத்திலேயே, அவற்றைத் தமிழெழுத்தில், எந்தப் பொறியும் படிக்கும் முறையில், எழுதி வைத்துவிடுங்கள். அதற்கு வேண்டியவை முப்பத்தொரு விசைகளே.