கல்லில் படிந்த மரபு



ஏட்டில் எழுதிய சொல்லை அடித்துத் திருத்தலாம். கல்லிலிருந்து தெறித்த செதிலை மீண்டும் ஒட்ட இயலாது. விளிம்பின் கோணம் செங்கோணத்தினும் குறைவாக அமைந்த இடத்தில், தக்க விசையோடு அடித்தால்தான் செதில் சீராகப் பெயரும். இவ்வறிவை மனித முன்னோர் பெற்று நிலைநிறுத்திய வரலாறு முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த, 33 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய கருவிகள் பருமனானவை, செப்பமற்றவை. எத்தியோப்பியாவின் கோனாவில், 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், செதில்களைத் திறம்படப் பெயர்த்தனர். அங்கு வேண்டப்பட்டது கூரிய விளிம்பு. குறித்ததொரு வடிவம் அன்று.

வடிவம் பின்னர் வந்தது. அதற்கு எத்தியோப்பியாவின் கோன்சோ நல்ல சான்று. அவ்வட்டாரத்துக் கைக்கோடரிகள் 17.5 இலட்சம் ஆண்டு முதல் 8.5 இலட்சம் ஆண்டு வரையிலான பழமையுடையவை. முற்பட்டவை தடித்தவை, சில அடிகளிலேயே முடிக்கப்பட்டவை. பிற்பட்டவையோ இருபுறமும் நுணுக்கமாகச் செதுக்கப்பெற்று, மெலிந்து, சமச்சீர் எய்தின. இடைப்பட்ட காலம் ஒன்பது இலட்சம் ஆண்டுகள்! கண்டு கற்றலும் கைப்பழக்கமும் தலைமுறைதோறும் தொடர்ந்ததால் இவ்வொழுங்கு வாய்த்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அப்படியாயின் ஒழுங்கு என்பது தேக்கந்தானா என்னும் வினா எழும். விடை தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை இராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் உலகறியச் செய்தார். அங்கு அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், கைக்கோடரி மரபு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது என 2011இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்குக் கைக்கோடரி அருகி, லெவல்லுவா முறை தோன்றியதை 2018இல் எடுத்துரைத்தனர்.

இம்முறையில் கருக்கல்லின் மேற்பரப்பை முதலில் பல அடிகளால் குவிவாக ஒழுங்குபடுத்துவர். பின்னர் ஓரடியில், எண்ணிய வடிவிலேயே செதில் பெயரும். முன்னைய அடிகள் அனைத்தும் அவ்வோரடிக்கான ஆயத்தமே. பழைய கருவி மறைந்தது. கல்லின் இயல்பறிந்து அடிக்கும் பயிற்சி மறையவில்லை. அப்பயிற்சியின் மீதுதான் புதுமை எழுந்தது.

மரபா, புதுமையா என்று கவியரங்குகள் இன்றும் வழக்காடுகின்றன. யாப்பைக் கைவிடும் உரிமை எக்கவிஞர்க்கும் உண்டு. சொல்லின் இயல்பறியும் பயிற்சியைக் கைவிட்டால் எஞ்சுவது உடைந்த கல்லே. பத்தாண்டுகளாக இளைய கவிஞர்க்கு அப்பயிற்சியை அளித்துவரும் இவ்வட்டத்தின் பணி, அந்நெடிய மரபின் ஒரு கண்ணி. அது தொடர்க!