தாய்மொழியில் ஒரு வகுப்பு

சோமாலியாவிலிருந்து ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்த தாய்மார்கள் பலருக்கு ஒரு பயம்: மகனைக் கண்டித்தால் சமூகநலத் துறை அவனைப் பிரித்துக் கொண்டுபோய்விடுமோ? பிள்ளைகளை அடிப்பது அங்கே 1979-லேயே சட்டப்படி தடை. அம்மாவுக்கு ஸ்வீடிஷ் தடுமாறும். பள்ளிக்கூடத்துக் கடிதத்தை மகனே படித்துச் சொல்வான். வீட்டில் யார் பெரியவர் என்பதே புரண்டுபோகிறது, பாருங்கள்!

இவர்களுக்காக வந்ததுதான் 'லத்னான்' என்ற வகுப்பு. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு, 12 வாரம். முதலில் அந்த நாட்டுச் சட்டம், பெற்றோரின் உரிமை. பிறகு கனடாவில் உருவான 'கனெக்ட்' பயிற்சி. மகன் கதவை அறைந்து சாத்துகிறான் என்று வையுங்கள். கத்துவதற்கு முன், அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கப் பழக்குகிறார்கள்.

120 பெற்றோரிடம் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்றவர்களின் மனநலம் தேறியது. பிள்ளைகளின் முரண்டும் குறைந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது, வகுப்பு நடத்தியவர்களும் சோமாலி மொழி பேசுபவர்களே என்பது. மனக்குறையைச் சொல்ல அந்தத் தாய்க்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.