எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது?
(கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020 மே 27 அன்று பாலக்காடு ஜில்லாவில், மண்ணார்க்காடு பக்கம் வெள்ளியாற்றில் நின்றபடியே சினை யானை ஒன்று உயிரை விட்டது. வாயில் வெடிக் காயம். நாடே துடித்தது. ஆனால் செய்தி பரவியதோ 'மலப்புரம்' என்று. வேண்டுமென்றே பழத்தில் வெடி வைத்து ஊட்டினார்கள் என்றும், அந்த ஜில்லாக்காரர்களே கொடியவர்கள் என்றும் படித்தவர்களே எழுதினார்கள். காட்டுப் பன்றிக்காகத் தேங்காயில் வைத்த வெடி என்று விசாரணையில் தெரிய வந்தது. பன்றியால் விவசாயி படும் கஷ்டம், சட்டவிரோத வெடி ஆகிய நிஜப் பிரச்னைகளைப் பேச ஆளில்லை. சரி, பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட நாமாவது, "இது எங்கள் ஜில்லாவில் நடந்தது" என்று திருத்தினோமா?

இடுக்கிக்கு வருவோம். 1895-ல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை இருப்பது அங்கே. அதன் தண்ணீரால் விளைவது தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வயல்கள். 2011-ல் இடுக்கியில் லேசான நில அதிர்வுகள் ஏற்பட்டன. அணைக்குக் கீழே குழந்தைகளோடு வசிப்பவர்கள் பயப்படுவது நியாயமே. அதைப் பரிகசிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பயத்தின்மேல் வதந்தி ஏறி உட்கார்ந்தது. டிசம்பரில் குமுளியில் கலவரம், போக்குவரத்து நின்றது. தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்கள் மூட்டை முடிச்சோடு மலை இறங்கினார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இரண்டு பாஷையும் பேசும் நமக்கு இரண்டு பக்கமும் வலித்தது.

நிபுணர் குழு ஆராய்ந்து, அணை பத்திரமாக இருக்கிறது என்று 2012-ல் அறிக்கை தந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்து, மேற்பார்வைக் குழுவும் அமைத்தது. ஆனாலும் 2021 அக்டோபரில் மறுபடி பீதி. ஆபத்து இல்லை என்று கேரள முதல்வரே சட்டசபையில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜனநாயகத்துக்கு இதில் என்ன நஷ்டம்? பழைய அணையை இடைவிடாமல் பரிசோதிக்க வேண்டும். இரு மாநிலமும் உட்கார்ந்து பேச வேண்டும். 'நாளைக்கே உடையும்' என்ற கூச்சலும், 'பார்க்கவே வேண்டாம்' என்ற வீம்பும் அந்தக் கதவைச் சாத்திவிடுகின்றன. ஓட்டுக்குப் பயந்த மந்திரி இன்ஜினீயர் சொல்வதைக் கேட்பாரா, கூட்டம் சொல்வதைக் கேட்பாரா?

ஆகவே ஒரு விண்ணப்பம். கைபேசியில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது? பதில் கிடைக்காவிட்டால் அது நம்மோடு நிற்கட்டும்.