பெயரும் வாக்கும்
(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 



பெண்களின் ஓட்டுரிமை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். மகிழ்ச்சியோடு பேசுகிறேன்.

நமது சென்னை மாகாணச் சட்டசபை 1921-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வழங்கத் தீர்மானித்தது. ஆயினும் சொத்து முதலிய தகுதிகள் வேண்டும் என்ற நிபந்தனையால், வயலில் நாற்று நட்ட தாய்க்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 1950-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே, ஏழை பணக்காரர், ஆண் பெண் என்ற பேதமின்றி வயது வந்தோர் அனைவரும் வாக்காளர் ஆயினர்.

அப்படியிருந்தும் 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலில் இடம் பெறவில்லை. ஏன் தெரியுமா? பெரும்பாலும் வட மாநிலங்களில், அயலாரிடம் தம் பெயரைச் சொல்ல அவர்கள் கூசினார்கள். "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்றே எழுதச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சொந்தப் பெயரே வேண்டும் என்று உறுதியாக நின்றார். சட்டம் உரிமையைத் தந்துவிட்டது; அதைப் பெற்றுக்கொள்ளப் பெயர்தான் இல்லை!

உயிர்த்த ஆண்டவர் மகதலா மரியாவைப் பெயர் சொல்லியே அழைத்தார். நற்செய்தியைச் சீடர்களுக்கு அறிவிக்கவும் அவரையே அனுப்பினார். ஆனால் திருச்சபையின் மன்றங்களில் பெண்களின் குரல் ஒலிக்க வெகுகாலம் ஆயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு 1964-இல் பெண்கள் அழைக்கப்பட்டனர். ஆனால் அமர்ந்து கேட்க மட்டுமே. 2023-இல்தான் திருத்தந்தை பிரான்சிஸ் ஆயர் மாமன்றத்தில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தார். அவ்வாண்டு அக்டோபரில் 54 பெண்கள் அங்கே வாக்களித்தனர்.

உரோமையில் நடந்தது நம் பங்கில் நடக்க வேண்டாமா? கோவிலைக் கூட்டுவதும், மறைக்கல்வி கற்பிப்பதும், நோயாளிகளைச் சந்திப்பதும் பெரும்பாலும் தாய்மார்களே. பங்குப் பேரவையிலோ அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். அந்த ஆலோசனையைச் சொல்ல ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு. எந்தத் தடையும் இல்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. இரவு 7 மணிக்குக் கூட்டம் என்றால், அடுப்படியில் நிற்பவள் எப்படி வருவாள்? ஆகவே சுவாமி அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: பேரவைக் கூட்டத்தை ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வையுங்கள். தகப்பன்மாரே, அன்று பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, அடுத்த பேரவைத் தேர்தலில் துணிந்து நில்லுங்கள். "இன்னார் வீட்டுக்காரி" என்றல்ல, ஞானஸ்நானத்தில் பெற்ற உங்கள் சொந்தப் பெயரைக் கொடுங்கள்.

அன்னை மரியா நமக்காக மன்றாடுவாராக!